சித்தப்பாவின் ஜாமீன் கதையை வாலிபர் கூட்டத்தில் சொல்லலாமா?

தேரிக்காட்டு டீச்சர் (கேள்வி):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த மாதம் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் நீதிமொழிகளிலிருந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிறருடைய தவறைப் பார்த்துப் புத்தியடைவது என்று தலைப்பு எடுத்தேன். எடுத்த கையோடு மாட்டிக்கொண்டேன்.

என் சித்தப்பா ஒரு நண்பருடைய தொழில் கடனுக்கு ஜாமீன் போட்டார். கையெழுத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்தார். நண்பர் கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டினார், அப்புறம் ஊரைவிட்டே போய்விட்டார். வீடு ஏலத்துக்குப் போனது. நீதிமொழிகள் 22:27 ஞாபகம் இருக்கும்: கட்ட வழியில்லாவிட்டால், ஜாமீன் போட்டவன் படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்கிறது. வீட்டைக் காலி செய்த அன்று குட்டி யானை வண்டியில் முதலில் ஏறியது சித்தியின் கட்டில்தான். கால்களைக் கழற்றி, சட்டங்களைப் பழைய சேலையில் சுற்றி ஏற்றினோம். அந்த வசனத்தை அதற்கப்புறம் என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்போதுதான் வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் வர ஆரம்பித்தாலே "மச்சான், ஒரே ஒரு கையெழுத்து" என்று யாராவது வந்து நிற்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தேவை.

ஆனால் சித்தப்பா மகன் அதே ஐக்கியத்தில் கிட்டார் வாசிக்கிறான். பெயரைச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "நம்ம வீட்டு விஷயத்தைப் பீடத்துல ஏத்தாதே" என்கிறாள் அம்மா. போன அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய்கறி நறுக்கும்போது இதே பேச்சு வந்தது. "ஜெபக்குறிப்பா மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்து, சித்தியின் நகை எங்கே அடகில் இருக்கிறது என்பது வரை போய்விட்டது. கத்தரிக்காய் நறுக்கி முடித்தார்கள். யாரும் எந்தப் புத்தியும் அடைந்ததாகத் தெரியவில்லை. நான் மைக் பிடித்துச் சொன்னால் மட்டும் அது போதனை ஆகிவிடுமா?

எஸ்றா_26:

அக்கா, தாராளமாகச் சொல்லுங்கள். வேதம் யாரையும் மறைக்கவில்லையே! நோவாவின் குடிவெறி, தாவீதின் விபசாரம், பேதுருவின் மறுதலிப்பு எல்லாம் பெயரோடுதான் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நடந்ததெல்லாம் நமக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டது என்று பவுல் 1 கொரிந்தியர் 10-இல் சொல்கிறார். வாலிபர்களுக்கு வசனத்தை மட்டும் சொன்னால் போனைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். நிஜமாக நடந்ததைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவோம்.

ஓய்வுபெற்ற கேஷியர்:

கதை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊழியக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது வேறு இருக்கிறது. வங்கி முதலில் கடன் வாங்கியவனைத் துரத்திவிட்டு, கடைசியில்தான் ஜாமீன்தாரரிடம் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக உங்களிடமே வரலாம்.

தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். வீடு அடமானத்தில் இருந்தால் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம், விற்கலாம். ஜாமீன் போட்ட கடன் உங்கள் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையிலும் நிற்கும். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

கவுன்டருக்குள் இருந்து நான் பார்த்தவரை ஜாமீன் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் அபூர்வம். பேனாவை நீட்டினால் போடுவார்கள். "எங்கே சார் போடணும்?" இதுதான் கேட்கிற ஒரே கேள்வி.

ஐயரம்மா:

எஸ்றா தம்பி சொன்ன நோவா கதையிலேயே பதில் இருக்கிறது. தகப்பன் ஆடை விலகிக் கிடந்ததைக் காம் பார்த்தான், வெளியே போய்ச் சொன்னான். அவன் சகோதரர் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்துபோய் மூடினார்கள். சாபம் யார் வீட்டுக்கு வந்தது என்று ஆதியாகமம் 9-ஐ வாசித்துப் பாருங்கள். "வேதத்திலேயே இருக்கிறதே" என்பவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப்போய்விடுகிறோம்.

தாவீது விஷயம் வேறு. அந்தப் பாவத்தை அறிக்கையிட்ட 51-ஆம் சங்கீதத்தைப் பாடும்படி இராகத்தலைவனிடம் கொடுத்தது தாவீதேதான். பாதகருக்கு உம்முடைய வழிகளை உபதேசிப்பேன் என்று அதிலேயே சொல்கிறான். விழுந்தவன் தானே சொன்னால் அது சாட்சி. அதனால் டீச்சர், முதலில் சித்தப்பாவிடம் கேளுங்கள். சித்தியிடமும் கேளுங்கள். கட்டில் அவர்களுடையது.

இன்னொன்று. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்ற நினைப்பையே இயேசு வெட்டிவிட்டார். பேச்சைக் கேட்டவர்கள் பக்கம் திருப்பினார். நாம் சபையில் செய்வது நேர் எதிர். ஒருவர் வீடு ஏலத்துக்குப் போனால், தசமபாகம் கொடுத்தாரா என்று விசாரிக்கிறோம்.

உங்கள் தலைப்புக்கு எனக்குப் பிடித்த ஆள் யோதாம். அவன் தகப்பன் உசியா நல்ல ராஜாதான், ஆனால் பலப்பட்டபிறகு மேட்டிமையாகி, ஆசாரியர் மட்டுமே செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். ஆசாரியன் அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் மறித்தும் கேட்கவில்லை. நெற்றியில் குஷ்டம் வந்தது, சாகும்வரை தனி வீடு. மகன் தகப்பன் செய்த நல்லதையெல்லாம் செய்தான், ஆனால் அப்படி ஆலயத்துக்குள் மட்டும் போகவில்லை என்று 2 நாளாகமம் 27:2 சொல்கிறது. தகப்பனைப் பற்றி அவன் எங்கேயும் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை மட்டும் விட்டானே, எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது. நமக்கெல்லாம் ஒருவர் ஒரு தவறு செய்தால் அவருடைய நல்லதும் சேர்ந்து கசந்துவிடுகிறது.

பெத்தேல் அண்ணன்:

யோதாம் மகன் ஆகாஸ் என்ன ஆனான் என்பதையும் சொல்லுங்கள், ஐயரம்மா. 28-ஆம் அதிகாரம். தாத்தா கதையும் தெரியும், தகப்பன் நல்லபடி வாழ்ந்ததும் தெரியும், ஆனால் பிள்ளைகளையே அக்கினியில் தகனித்தான். கதை கேட்டால் புத்தி வரும் என்பதை நான் அவ்வளவாக நம்புகிறதில்லை.

தேரிக்காட்டு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் போய்க் கேட்டேன்.

சித்தப்பா உடனே சரி என்றார். "சொல்லு. ஆனா அவன் என்னை ஏமாத்திட்டான்னு சொல்லாதே. படிக்காமக் கையெழுத்துப் போட்டது நான்தான். சித்தி வேண்டாம்னு சொன்னதையும் கேக்கல." உள்ளே சித்தி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் "எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் பேசவில்லை.

ஆகவே கட்டில் கதை கூட்டத்துக்கு வராது. இங்கே புனைபெயரில் எழுதியதையும் சித்தியிடம் சொல்லிவிட்டேன். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன்.

நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்துச் சோம்பேறியின் வயலை எடுக்கிறேன். சுவர் இடிந்து, முள் மண்டிக் கிடப்பதை ஒருவர் பார்க்கிறார், யோசிக்கிறார், புத்தியடைகிறார். வயல்காரன் பெயர் கடைசிவரை வரவில்லை. அதோடு யோதாம், அப்புறம் கேஷியர் ஐயா சொன்ன பிரிவு 128. பெத்தேல் அண்ணன், ஆகாஸையும் சேர்க்கிறேன். பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள்.

கேஷியர் ஐயா, ஒரு சந்தேகம். ஏற்கெனவே ஜாமீன் போட்டுவிட்டவன் இப்போது விலக முடியுமா?

ஓய்வுபெற்ற கேஷியர்:

ஒரே தடவையில் முழுப் பணமும் கொடுத்துவிட்ட கடன் என்றால், வங்கி சம்மதிக்காமல் முடியாது. ஓவர்டிராஃப்ட் மாதிரித் தொடர்ந்து எடுக்கிற கணக்கு என்றால் பிரிவு 130-இன்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இனிமேல் எடுப்பதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லலாம். எடுத்தவரைக்கும் பொறுப்புதான். ஆனால் பல படிவங்களில் இந்த உரிமையையே விட்டுக்கொடுப்பதாக அச்சடித்திருப்பார்கள். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.