பயிற்சி முடிந்து இரண்டு வருடம், கை மறந்துவிட்டது

கேள்வி (செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்):
போன வாரம் இரவு டியூட்டியில் பிறந்த குழந்தை அழவில்லை. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். அம்பு பேக்கை (மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கும் கைப்பை) அழுத்தினால் மாஸ்க் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிகிறது, நெஞ்சு எழும்பவில்லை. மாஸ்க்கைத் திருப்பி வைத்த பிறகுதான் அழுதது. குழந்தை நலம். எனக்குத்தான் தூக்கம் இல்லை. அடுத்த பயிற்சிவரை என்ன செய்வது?

பதில் 1:
தங்கச்சி, தோளுக்கு அடியில் துணியை மடித்து வை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல். மற்ற விரல்கள் தாடையைத் தூக்கட்டும். “அழுத்து, இரண்டு, மூன்று” என்று வாய்விட்டு எண்ணு. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. நாங்கள் திங்கள்தோறும் ஷிஃப்ட் மாறும்போது பயிற்சிப் பொம்மையில் பத்து நிமிடம் செய்கிறோம்.

பதில் 2 (குழந்தை மருத்துவர்):
முதல் 60 நொடிக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

கேட்டவர்:
நன்றி அக்கா, டாக்டர். பொம்மை பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. நாளைக்கே சாவி வாங்குகிறேன்.