ஆவுளியாவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள் (பாக் விரிகுடா)

மல்லிப்பட்டினத்தான்:
வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்த சமயம். மாமாவின் ஃபைபர் படகில் செவுள் வலை இழுக்கப் போயிருந்தேன். வலை கனத்தது; திருக்கை என்றுதான் நினைத்தோம். வந்தது ஆவுளியா, அதாவது கடற்பசு. மூக்குத்துளை இரண்டும் மூடி போட்ட மாதிரி திறந்தன, ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு, உடனே மூடிக்கொண்டன. மேலுதடு முழுக்க முரட்டு மயிர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி. வலை கீழே பிடித்து வைத்தால் மூழ்கியே செத்துவிடும். மாமா யோசிக்கவேயில்லை, வால் பக்கம் வலையை அறுத்துவிட்டார். வலை போன புலம்பலெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

தொண்டிக்காரன்:
எங்கள் அப்பா காலத்தில் விட்டிருக்க மாட்டார்கள். கறியைப் பங்கு போட்டு விற்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில், வைத்த பிறகும் கமுக்கமாக நடந்தது. இப்போது அது குறைந்துவிட்டது. என் கவலை இழுவை மடி, அதாவது விசைப்படகு கடல் தரையோடு இழுத்துப் போகும் பை வலை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே இருக்கிறது. இருந்தும் வருகிறார்களே! மடி தரையைச் சீவிக்கொண்டு போனால் கடற்புல் வேரோடு போய்விடும். ஒரு ஆவுளியா நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். எங்கே போய் மேயும்?

கடல்சார் மாணவி:
தஞ்சாவூர்க் கடற்கரையில் மனோரா கோபுரம் பக்கம் கள ஆய்வுக்குப் போனபோது ஆவுளியாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, மேய்ந்த தடத்தைத்தான் பார்த்தேன். புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து போகும் மொட்டை வரி. அதன் ஓரத்தில் புதுத் துளிர். மேய்ந்த இடம் திரும்ப முளைக்கும். மடி கிழித்த இடம் லேசில் முளைக்காது.

இனப்பெருக்கமும் ரொம்ப மெதுவு. பெண் பருவத்துக்கு வரவே பத்து வருடம்கூட ஆகலாம். 13, 14 மாதம் சுமந்து ஒரே குட்டி, அடுத்ததற்கு 3 முதல் 7 வருடம். அதனால் வலையில் ஒரு தாய் செத்தாலே பெரிய அடி. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. நல்லதுதான், ஆனால் ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாதே.

மல்லிப்பட்டினத்தான்:
உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. சரி, வலைக்கான ஈடும் அடுத்த தடவை கடலுக்குப் போகுமுன் கைக்கு வந்தால் வலையை அறுக்கக் கத்தியெடுக்க யாரும் தயங்க மாட்டார்கள். உங்கள் வலையில் மாட்டினால் வாலில் கயிறு போட்டு இழுக்காதீர்கள். மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு வலையை அறுங்கள். ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுங்கள், பின்னால் கேட்பார்கள்.