புதுப்பிப்பு: கிராண்ட் விட்டாரா ஹைபிரிட், கூடுதல் விலை தேறுமா?

மாருதியின் கிராண்ட் விட்டாராவில் ஹைபிரிட்டுக்கு (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் உள்ள வண்டி) கொடுக்கும் கூடுதல் விலை, பெட்ரோல் மிச்சத்தில் திரும்புமா? முந்தைய இழையில் பாக்கி வைத்த கணக்கு இது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். சாதா பெட்ரோல் வண்டி 14 கி.மீ., ஹைபிரிட் 21 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு ரூ.2.38 மிச்சம். விலை வித்தியாசம் 2 லட்சம் என்றால் அதை எடுக்க 84,000 கி.மீ. ஓட வேண்டும். வித்தியாசத்தை ஆன்-ரோடு விலையில் (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) பாருங்கள்.

நெரிசலில் ஊர்பவர்களுக்கே லாபம். பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறும். நெடுஞ்சாலையில் 110-ல் விரட்டினால் இரண்டு வண்டிக்கும் உள்ள மைலேஜ் இடைவெளி சுருங்கிவிடும்.

மைலேஜை மீட்டர் திரையை நம்பிச் சொல்லாதீர்கள். ஒரே பங்க், ஆட்டோ-கட் வரை (பம்ப் தானாக நிற்கும் வரை) நிரப்பி, ஓடிய கி.மீ.-யை மறுமுறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று டேங்க் சராசரி எடுப்பது நல்லது.

டிக்கியையும் திறந்து பாருங்கள்: பேட்டரி இடத்தைத் தின்றிருக்கும், பெரிய சூட்கேஸோடு போய்ச் சோதியுங்கள்.