முன்னங்கால் பற்கள் மூன்றா, நான்கா? புதிய சாண வண்டு விவரணையில் உதவி தேவை (அவசரம்)

வண்டுப்பாதை:
புதிய சாண வண்டு ஒன்றுக்கு விவரணை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலை, ப்ரோநோட்டம் (தலைக்குப் பின்னால் உள்ள மார்புத் தகடு) எல்லாம் முடிந்தது. முன்னங்கால் டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள துண்டு) வந்து மாட்டிக்கொண்டேன். சிலதில் வெளி ஓரத்தில் நான்கு பற்கள் பளிச்சென்று தெரிகின்றன. சிலதில் மூன்றுதான். ஒரே வண்டில் இடது காலில் நான்கு, வலது காலில் மூன்றரை என்றுகூட இருக்கிறது! கிளிப்பியஸ் (தலையின் முன்பக்கத் தகடு) முன்விளிம்பும் அப்படித்தான், சிலதில் நடுவில் பள்ளம், சிலதில் கிட்டத்தட்ட நேர்க்கோடு. தலையில் கொம்பு சிலதுக்கு உண்டு, சிலதுக்கு இல்லை. இரண்டு இனமாகப் பிரிக்கவா, ஒன்றாக எழுதவா? திங்கட்கிழமை வரைவு கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆறுகால்:
எந்தப் பேரினம்? எத்தனை மாதிரிகள்? ஆண் எத்தனை, பெண் எத்தனை? எல்லாம் ஒரே இடத்தில் பிடித்ததா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றா இரண்டா என்று எப்படிச் சொல்வது?

ஒளிவட்டம்:
ரிங் லைட் போட்டுப் பார்க்கிறீர்களா? அப்படியானால் பிரச்சினையே அதுதான். வழவழப்பான கருப்பு உடம்பில் விளக்கு அப்படியே பிரதிபலிக்கும், சின்னப் பல் அந்த வெள்ளைப் புள்ளிக்குள் காணாமல் போய்விடும். டிரேசிங் பேப்பரைச் சுருட்டிக் குழாயாக்கி வண்டைச் சுற்றி நிறுத்துங்கள், வெளியிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வண்டுப்பாதை:
ஒந்தோஃபாகஸ். பதினொன்று இருக்கிறது. ஊசியில் குத்திக் காய வைத்தவை.

ஆறுகால்:
ஆண், பெண்?

பழைய_லென்ஸ்:
தம்பி, ஆணா பெண்ணா என்று பார்க்காமலேயே "புதிய இனம்" வரைக்கும் வந்துவிட்டீர்களா? ஒந்தோஃபாகஸில் இதுவரை விவரித்த இனங்கள் மட்டும் 2000-க்கு மேல். அதில் எத்தனையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? நான் படிக்கும் காலத்தில் பழைய விவரணைகளை முழுதாகப் படித்து முடிக்காமல் எங்களை மைக்ரோஸ்கோப் பக்கமே விட மாட்டார்கள்.

மண்தோண்டி:
அவர் கேட்டது பல்லைப் பற்றி. அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பாடம் நடத்தலாமே.

வண்டுப்பாதை, இது பெரும்பாலும் தேய்மானம். மண்ணுக்குள் சுரங்கம் தோண்டுகிற வண்டுகள் முன்னங்காலால் கீறி, கிளிப்பியஸால் மண்ணைத் தள்ளும். வளர்ந்த வண்டு மறுபடி தோலுரிக்காது, அதனால் ஒரு பல் மழுங்கினால் மழுங்கினதுதான். நிறைய நாள் உழைத்த கடப்பாரை முனை மாதிரி. இடது காலும் வலது காலும் வேறு வேறாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன வேறுபாடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பல் குறைந்த அதே வண்டுகளில்தான் கிளிப்பியஸ் பள்ளமும் ஆழம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அதிக பெரிதாக்கத்தில் பல்லின் விளிம்பைப் பாருங்கள். புதுப் பல்லின் நுனி கூராக இருக்கும், மேலே உள்ள நுண்கோடுகளும் புள்ளிகளும் விளிம்பு வரைக்கும் தொடரும். தேய்ந்த பல்லில் அவை நடுவில் அறுந்து, ஓரம் தேய்த்துவிட்டதுபோல வழவழவென்று இருக்கும். தேயாததையே ஹோலோடைப்பாக (இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எடுத்துக்கொள்ளுங்கள். விவரணையில் "பற்கள் நான்கு, தேய்ந்த வண்டுகளில் அடிப்பல் மறைந்திருக்கலாம்" என்று ஒரு வரி போதும்.

ஒளிவட்டம்:
விளக்கைச் சரிசெய்யாமல் விளிம்பில் நுண்கோடு எங்கே தெரியப்போகிறது?

சரம்658:
இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கால் எடுங்கள், சிஓ1 மரபணுவில் இனத்தை அடையாளம் காட்டும் 658 எழுத்து டிஎன்ஏ பார்கோடு எடுங்கள். ஒரு இனமா இரண்டா என்று தானாகத் தெரிந்துவிடும்.

உறையிறகு:
திங்கட்கிழமைக்குள்ளா? :) பார்கோடு நல்ல துணைதான். ஆனால் அது தாய் வழியாக மட்டும் போகிற மரபணு. வோல்பாக்கியா மாதிரி பாக்டீரியாத் தொற்று இருந்தால் அது காட்டும் பிரிவை அப்படியே நம்ப முடியாது. இந்தக் கூட்டத்தில் முடிவைச் சொல்வது ஆண் உறுப்புதான். வண்டை வெந்நீரில் போட்டு இளக்குங்கள், பைஜிடியத்துக்கு (வயிற்றின் கடைசி மேல்தகடு) அடியில் ஊசி விட்டு ஈடியகஸை, அதாவது அந்த ஆண் உறுப்பை, வெளியே எடுங்கள். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை இளஞ்சூடாக்கி அதில் கொஞ்ச நேரம் வைத்தால் தசை கரைந்துவிடும். நீரில் கழுவி கிளிசரினில் போட்டுப் பாருங்கள். பராமியரை (ஈடியகஸின் நுனிப் பகுதி) எல்லா வண்டிலும் ஒரே கோணத்தில் வைத்து வரையுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. கொஞ்சம் சாய்ந்தால்கூட நுனியின் வளைவு மாறித் தெரியும், அதை நம்பிப் புது இனம் எழுதினவர்கள் உண்டு.

ஆண் பெண் பிரிக்க வெட்ட வேண்டியதில்லை. வண்டைத் திருப்பி வயிற்றின் கடைசித் தகட்டைப் பாருங்கள். ஆணுக்கு அது நடுவில் ஒடுங்கியிருக்கும், பெண்ணுக்கு நடுவிலும் அகலம் குறையாது.

ஆறுகால்:
கொம்பு பற்றி: கொம்பில்லாதது எல்லாம் பெண் என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் பேரினத்தில் ஆண்களிலேயே இரண்டு வகை வரும். புழுவாக இருந்தபோது நிறையத் தின்று ஒரு அளவைத் தாண்டினவற்றுக்குப் பெரிய கொம்பு, தாண்டாதவற்றுக்கு வெறும் மேடு. ஒந்தோஃபாகஸ் டாரஸில் இது மிகத் தெளிவாக இருக்கும். மறுபக்கம் சஜிட்டாரியஸ் மாதிரி பெண்ணுக்கும் கொம்பு உள்ள இனங்களும் உண்டு. விவரணையில் பெரிய ஆண், சின்ன ஆண், பெண் என்று தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ப்ரோநோட்டம் அகலத்தையும் கொம்பு நீளத்தையும் ஒரு வரைபடமாகப் போட்டால் இன்னும் நல்லது.

சரம்658:
என் கேள்வி வேறு. இவ்வளவு வண்டுகளைக் கொன்றுதான் விவரிக்க வேண்டுமா? 2015-இல் ஒரு ஈ இனத்தை வெறும் புகைப்படம் வைத்தே விவரித்தார்களே.

பழைய_லென்ஸ்:
அதற்குக் கிடைத்த திட்டும் நினைவிருக்கட்டும்.

சரம்658:
திட்டினாலும் பெயர் செல்லும். விலங்குப் பெயரிடல் ஆணையம் 2017-இல் வெளியிட்ட விளக்கத்திலும் அதைத் தடை செய்யவில்லை. ஏன் மாதிரியைப் பாதுகாக்க முடியவில்லை என்று காரணம் எழுதச் சொல்லியிருக்கிறது.

மண்தோண்டி:
அந்த ஈ படத்திலேயே அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தது. இங்கே பராமியர் நுனியைப் பார்க்காமல் பக்கத்து இனத்தைக்கூடப் பிரிக்க முடியாது. புகைப்படத்துக்குள் ஊசி விட்டு ஈடியகஸை எடுப்பீர்களா?

சரம்658:
மைக்ரோ சிடி ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது.

மண்தோண்டி:
அதற்கும் வண்டு வேண்டும் ஐயா.

பழைய_லென்ஸ்:
விதிப்புத்தகம் பேசுகிறவர்கள் முழுதாகப் பேசுங்கள். 1999-க்குப் பிறகு வெளியாகும் புதிய இனத்துக்கு ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதென்றால் ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவும் வேண்டும். தம்பி, அதெல்லாம் செய்தாயிற்றா?

உறையிறகு:
இழை எங்கேயோ போகிறது. வண்டுப்பாதை, ஒரு சின்ன விஷயம். இரண்டு எலிட்ராவும் (கடினமான மேலிறகுகள்) ப்ரோநோட்டமும் சந்திக்கிற இடத்தில் ஸ்குடெல்லம் என்ற சின்னத் தகடு வெளியே தெரிகிறதா? ஒந்தோஃபாகஸில் அது மறைந்திருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்.

வண்டுப்பாதை:
எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். பல் குறைந்தவற்றில் விளிம்பு வழவழப்புதான், கிளிப்பியஸும் அதே வண்டுகளில்தான் மழுங்கியிருக்கிறது. கொம்பில்லாததில் ஒன்று ஆண், மற்றவை பெண். ஒரே இனமாகவே எழுதுகிறேன். ஸ்குடெல்லம் சின்ன முக்கோணமாகத் தெரிகிறது. வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

உறையிறகு:
தெரிகிறதா?? நில்லுங்கள். அப்படியானால் அது ஒந்தோஃபாகஸே இல்லாமல் இருக்கலாம். உணர்கொம்பில் கணு எண்ணுங்கள், நுனித் தட்டுகள் மூன்றையும் சேர்த்து. ஒந்தோஃபாகஸில் பெரும்பாலும் ஒன்பது. எட்டு வந்து, உடம்பும் கொஞ்சம் நீண்டு தட்டையாக இருந்தால் ஒனிட்டிசெல்லினி என்ற வேறு கூட்டத்தின் பக்கம் போக வேண்டும். அதில் லயடோங்கஸ் பேரினத்து ஆண்களுக்கும் தலையில் கொம்பு உண்டு.

மண்தோண்டி:
பின்னங்கால் டிபியா நுனியில் முள் ஒன்றா இரண்டா என்றும் பாருங்கள். இரண்டு என்றால் துணைக்குடும்பமே வேறு, அஃபோடியினே.

பழைய_லென்ஸ்:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று.

ஆறுகால்:
நீங்கள் ஸ்குடெல்லத்தைக் கேட்கவில்லை சார்.

ஒளிவட்டம்:
எலிட்ரா லேசாகத் திறந்த நிலையில் காய்ந்திருந்தால் மறைந்த ஸ்குடெல்லமும் எட்டிப் பார்க்கும். மூடிய வண்டு ஒன்றில் பார்க்கச் சொல்லுங்கள்.

உறையிறகு:
அதுவும் சரிதான். வண்டுப்பாதை, பதினொன்றில் எலிட்ரா இறுக மூடியது எத்தனை? அவற்றிலும் தெரிகிறதா? வரைவு அனுப்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஆறுகால்:
செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. ஆளைக் காணோம்.