புதுப்பிப்பு: பாஸ் மீன் பிடிக்க பெயிட்காஸ்டர் ரீல் செட் பண்ணியாச்சு

போன மாசம் டெக்சாஸ்ல இருக்கற லேக் ஃபோர்க் ஏரில பாஸ் மீன் பிடிக்க முதல் பெயிட்காஸ்டர் (லைன் சுத்தின உருளை, அதாவது ஸ்பூல், தூண்டில் கம்பு மேல குறுக்கா உக்காந்து சுத்தற ரீல்) எது வாங்கலாம்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசியா 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் ராட் (கொஞ்சம் வலுவான, நுனிப் பக்கம் மட்டும் வளையற கம்பு), 7.1:1 ரீல் (கைப்பிடிய ஒரு தடவ சுத்தினா ஸ்பூல் 7.1 தடவ சுத்தும்), 15 பவுண்ட் தாங்கற ஃப்ளோரோகார்பன் லைன் எடுத்தேன். டெக்சாஸ் ரிக் (முள் நுனிய ரப்பர் இரைக்குள்ள மறைச்சு கட்டறது), ஜிக் (தலைல எடை வச்ச முள்) ரெண்டுக்கும் இது அருமையா செட் ஆகுது. அந்த ஏரி முழுக்க தண்ணிக்குள்ள பட்ட மரமா நிக்கும், மீன் கவ்வினதும் லைன வேகமா சுத்தி வெளிய இழுக்கணும், அதுக்கு இந்த கியர் ரேஷியோ நல்லா உதவுது. 1992ல டெக்சாஸ் ரெக்கார்டு 18.18 பவுண்ட் பாஸ் வந்ததும் இங்கதான்!

செட்டிங் பத்தி கேட்டவங்களுக்கு: லூர (செயற்கை இரைய) ராட் நுனில தொங்க விட்டு ஸ்பூல ரிலீஸ் பண்ணுங்க, அது மெதுவா இறங்கி தரைல பட்டதும் ஸ்பூல் நிக்கற அளவுக்கு டென்ஷன் நாப (ஸ்பூல இறுக்கற திருகு) திருகுங்க, ஸ்பூல் வேகத்த கொறைக்கற காந்த பிரேக்க முதல்ல அதிகமா வச்சுட்டு கை பழக பழக கொறைங்க. லூர் தண்ணில விழறதுக்கு சத்த முன்னாடியே கட்டைவிரலால ஸ்பூல அழுத்திடணும், இல்லன்னா ஸ்பூல் சுத்திக்கிட்டே இருந்து லைன் பூரா சிக்கலாயிடும். என்னக் கேட்டா பிரேக்க விட விரல்தான் முக்கியம். லைன ஸ்பூல் விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, 3 மில்லிமீட்டர் விட்டுடுங்க.

பிரெய்டு (பின்னின லைன்) போடறவங்க அடில கொஞ்சம் மோனோ (சாதா நைலான் லைன்) சுத்திக்கோங்க, இல்லன்னா ஸ்பூல்ல வழுக்கும். தவளை லூருக்கு 50 பவுண்ட் பிரெய்டுதான் சரி, அது மிதக்கும், ஃப்ளோரோகார்பன் மூழ்கிடும். அடுத்து கிராங்க்பெயிட்டுக்கு (இழுத்தா தண்ணிக்குள்ள முங்கி ஆடற கெட்டியான லூர்) கொஞ்சம் வளையற மாடரேட் ராடா ஒண்ணு பாக்கறேன், யாராவது வச்சிருந்தா சொல்லுங்க.