மீன்தொட்டியின் அடியில் கிடப்பதற்குப் பெயர் என்ன?

கேட்டவர், சென்னை

குழுவினருக்கு வணக்கம். வண்ணமீன் வளர்ப்புப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சப்ஸ்ட்ரேட்’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். செடி வைக்கும் நன்னீர்த் தொட்டியின் அடியில் மணல் பரப்பலாம், சரளை பரப்பலாம், களிமண்ணைக் குருணையாக்கிச் சுட்டு விற்கிறார்களே, அதையும் பரப்பலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு ‘அடி மூலக்கூறு’ என்கிறது. எந்த மூலக்கூறு என்று வேதியியல் படித்த பெண் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சுட்ட குருணைக்கு ‘சாயில்’, சரளைக்கு ‘கல்’ என்று கேட்டாலே போதும். ஆனால் அழகாக இருக்கிறதென்று வெறும் கல்லை வாங்கிப்போய் அதில் செடியை நட்டு, இலை மஞ்சளித்த பிறகு வந்து நிற்பவர்களும் உண்டு.

தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு

தம்பி, சொல் காவிரியிலேயே கிடக்கிறது: படுகை. படுத்தல் என்றால் கிடத்தல். நீருக்கு அடியில் கிடப்பது படுகை. இதற்கு மேல் என்ன வேண்டும்? மணலின் வகைகளுக்கும் புதுச்சொல் தேட வேண்டாம். சங்க நூல்களில் நுண்மணலுக்கு அயிர் என்றும், நீர் அரித்தோடும் கருமணலுக்கு அறல் என்றும் பெயர். பெண்களின் கூந்தலுக்கு அறலை உவமை சொன்னார்கள். அயிரில் புதைந்து வாழ்வதால்தான் அயிரை மீனுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது என் துணிபு. மதுரைப் பக்கத்தில் அயிரையை உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்கவைத்த பிறகுதான் குழம்பு வைப்பார்கள். மண்ணுக்கும் அந்த மீனுக்கும் உள்ள உறவை அதில் பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

ஐயா, உங்கள் அயிரைக்குப் பிறகு வருகிறேன். சப்ஸ்ட்ரேட்டுக்கு நாங்கள் பாடசாலையில் நொதியத்தோடு (என்சைம்) சேர்த்துப் படித்த சொல் ‘கீழ்ப்படை’. ஏற்கெனவே ஒரு சொல் இருக்கையில் இன்னொன்று எதற்கு? உலகமெங்கும் தொட்டிகளில் வளர்க்கும் கிரிப்டோகொரைன் வெண்டியை எங்கள் நாட்டுச் செடி, வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. அது வேரூன்றும் இடத்துக்குப் பெயர் வைப்பதில் எங்களுக்கும் பங்குண்டு.

கேட்டவர்

கீழ்ப்படையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “யார்மேல் படையெடுப்பு?” என்று கேட்டார்கள். அங்கே ஓசோன் படை என்று சொல்லிப் பழகியிருக்கிறீர்கள். இங்கே அது ஓசோன் படலம்.

படுகையை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 6 செ.மீ. உயரத்துக்குப் படுகை அமைக்க 10.8 லிட்டர் மண் வேண்டும்; 9 லிட்டர்ப் பை ஒன்று போதாது.” நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டச்சாளர் எல்லா இடத்திலும் ‘படுக்கை’ என்று அடித்துவிட்டார். “சுட்ட மண் படுக்கையை அலசக் கூடாது, கரைந்துவிடும்” என்று ஒரு வரி. ‘அடிமண்’ என்று எளிமையாக முடித்துவிடலாமா?

மண்ணியல் படித்தவர், கோவை

கூடாது. மேல்மண், அடிமண் என்று நாங்கள் வயலில் பிரித்துச் சொல்கிறோம். மேல்மண்ணுக்குக் கீழே சத்துக் குறைந்து கிடப்பது அடிமண். நீங்கள் சொல்ல வருவதற்கு நேர் எதிர்.

உங்கள் கையேட்டுக்குப் பொதுப்பெயரைவிட வேறொன்று முக்கியம். சுட்ட களிமண் குருணை சத்துகளைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். ஆற்றுச் சரளைக்கு அந்தக் குணம் அநேகமாக இல்லை. வேரடியில் உர வில்லை புதைத்தால்தான் செடி பிழைக்கும். சில வெள்ளைக் கற்கள் இன்னும் மோசம். கடையிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்; நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். புதுக் குருணை மண்ணும் சாது அல்ல. சில வகைகள் முதல் சில வாரம் அம்மோனியாவை விடும், அதற்குள் மீனை விட்டால் சாகும். ஆகவே ‘ஊட்டமண்’, ‘வெறுஞ்சரளை’ என்று இரண்டு சொல் போடுங்கள். ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கினால் வாங்குகிறவர்தான் ஏமாறுவார்.

தமிழாசிரியர்

ஊட்டமண் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் அது பொருளின் பெயர். படுகை இடத்தின் பெயர். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து

பயிற்சிக்கு வருகிறவர் கடையில் போய் ‘ஊட்டமண்’ என்று கேட்டால் தோட்டத்து உர மூட்டையைக் காட்டுவார்கள். ‘சாயில்’ என்றே விடுங்கள். “வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ” என்று தொல்காப்பியரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

தமிழாசிரியர்

அவர் கதவைத் திறந்தது வாசலில் காவல் வைத்துவிட்டு. ‘ஒரீஇ’ என்றால் நீக்கி. எழுத்தை நீக்கித்தான் உள்ளே விடச் சொன்னார்.

கேட்டவர், ஞாயிறு இரவு

நேரம் முடிந்தது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினால் படுகை 7, கீழ்ப்படை 2, சாயில் 3. தலைப்பில் ‘படுகை’ போகிறது. உள்ளே ‘ஊட்டமண்’; முதல்முறை வரும் இடத்தில் மட்டும் “கடையில் சாயில் என்று கேட்கவும்” என்று ஒரு வரி. தட்டச்சாளரிடம் நடுவில் ‘க்’ கிடையாது என்று மூன்றுமுறை சொல்லிவிட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து

காவிரிப் படுகை என்றால் எனக்கு இன்னும் எண்ணெய்க் கிணறுதான் நினைவுக்கு வருகிறது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர்

அயிர் எங்கே போயிற்று?

கேட்டவர்

பதினோராம் பக்கத்தில் இருக்கிறது ஐயா. “அயிரை போன்ற மண் துழாவும் மீன்களுக்குக் கூர்ச்சரளை ஆகாது, மீசை தேய்ந்துவிடும், அயிர் பரப்பவும்.” அச்சகத்தார் அதைப் பிழை என்று நினைத்து ‘அயிரை பரப்பவும்’ என்று திருத்தியிருந்தார்கள். இப்போதுதான் மாற்றச் சொன்னேன்.