புதுப்பிப்பு: டேஷ்போர்டு கீறல் விவகாரம்

போன வாரம் எழுதியிருந்தேன்: ஏசி புளோயரைச் சரிசெய்யக் கொடுத்த காரைத் திரும்ப எடுத்தபோது, கிளவ் பாக்ஸுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கீறல், சீட்டில் கிரீஸ் கறை. ஒர்க் ஷாப்பில் நேரில் பேசிப் பார்க்கச் சொன்னீர்கள். பேசினேன்.

"இது முன்னாடியே இருந்திருக்கும் சார்" என்றுதான் மேலாளர் ஆரம்பித்தார். நல்லவேளை, வண்டியை விடும்போது உள்ளே எடுத்த படங்கள் போனில் இருந்தன. காட்டியதும் குரல் இறங்கியது. அப்புறம், கீறல் விழுந்த டிரிம் (டேஷ்போர்டின் பிளாஸ்டிக் பட்டை) ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை பதிந்திருந்த பள்ளத்தையும் காட்டினேன். பிளாஸ்டிக் கருவியால் மெதுவாகக் கழற்ற வேண்டியதை, அவசரத்தில் இரும்பால் நெம்பியிருக்கிறார்கள்.

கறையை அங்கேயே எடுத்துவிட்டார்கள். கீறலுக்குப் பாலிஷ் போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். சொரசொரப்பான பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னும். அதற்குக் கீறலே தேவலை. கடைசியில் அந்தப் பட்டையையே இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டு, வேலைச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள்.

நேற்று மாட்டியாயிற்று. பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் உடைந்திருந்த இரண்டும் புதிது. மேடுபள்ளத்தில் வந்துகொண்டிருந்த கடகட சத்தமும் நின்றுவிட்டது. நான் அதை வண்டியின் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்!